ஐந்து நொடியில் அப்பா

எங்கள் ஊரில் யாரிடமாவது ஒன்றைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்பது வெட்டி வேலை. "நல்லாருக்கு" என்றுதான் பதில் வரும். புதுச் சேலை, மாப்பிள்ளை போட்டோ, கல்யாணப் பந்தியில் வெந்தும் வேகாத சோறு, எல்லாமே நல்லாருக்கு. முகத்துக்கு நேராக ஒருவர் மனதை நோகடிக்கக் கூடாது என்பதில் மதுரைக்காரர்கள் ரொம்பக் கறார். அவர் தெருமுனை தாண்டட்டும், அப்புறம் வைத்துக்கொள்வார்கள் கச்சேரியை. இது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் மக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் என் பிழைப்பு.

நான் போன் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறவள். கம்பெனி வெளியூரில் இருக்கிறது, நான் வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். ஒரு திரையை வரைந்து முடித்ததும் அதை ஐந்து நொடிச் சோதனைக்கு அனுப்புவோம். முன்பின் தெரியாத ஒருவருக்கு அதை ஐந்து நொடி காட்டி மறைத்துவிட வேண்டும். பிறகு "என்ன பார்த்தீங்க? இது எதுக்குன்னு தோணுது?" என்று கேட்க வேண்டும். நல்லாருக்கா என்று மட்டும் மறந்தும் கேட்கக் கூடாது. அந்த ஐந்து நொடியில் யாரும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. கண்ணில் பட்டதை வைத்து மனது ஒரு முடிவுக்கு வந்துவிடும். பெண் பார்க்க வருகிறவர்கள் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் முடிவு செய்துவிடுகிறார்களே, அது மாதிரி. அதற்குப் பிறகு என்ன விளக்கம் சொன்னாலும் அந்த முதல் முடிவை அசைப்பது பெரும்பாடு.

முகம் தெரியாதவர்களின் செயலிகளுக்கு இதை எத்தனையோ முறை செய்திருக்கிறேன். என் அப்பாவின் முகத்தை வைத்து ஒரு முறை செய்ய வேண்டி வந்தது. அந்தக் கதைதான் இது.

அப்பா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தின் ஒரு மூலையில் நின்று அவர் கத்தினால் அடுத்த மூலையில் இருப்பவனுக்குக் காய்ச்சல் வரும். வீட்டிலும் அதே தொண்டைதான். உப்பு கம்மி என்பதைக்கூட அணிவகுப்புக் கட்டளை மாதிரி சொல்வார். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பி, செருப்பை மாட்டக் குனிந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் போயின. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேச்சு திரும்பி வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லாக, கிணற்றிலிருந்து இழுத்து எடுப்பது போல வந்தது.

அவரை எழுப்பி நடக்க வைத்தது என் அக்கா. அவள் பிசியோதெரபி படித்துவிட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வருவாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பாவிடம் உட்காருவாள். வலிக்கும்போது அவர் திட்டுவார். இவளும் சும்மா இருக்க மாட்டாள். "ஸ்கூல்ல எம்புட்டுப் பேர வெயில்ல ஓட விட்டீங்க? இப்ப நீங்க ஓடுங்க" என்பாள். நானும் அம்மாவும் அடுப்படியில் நின்று சிரிப்போம், சில நாள் அழுவோம். மாதங்கள் போயின. ஒரு நாள் அப்பா கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் நடந்துவிட்டார். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய திருநாள் வந்ததில்லை.

ஆனால் கால் வந்ததே தவிர, ஆள் வந்துவிட்டதாக ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்க வருகிறவர்கள் அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம் கேட்பார்கள், "சார் சாப்பிடுறாரா? தூங்குறாரா? ஆளத் தெரியுதா?" என்று. முடிவெட்ட வந்தவர் என்னிடம், "அவருக்கு மீசைய எடுத்துரவா பாப்பா?" என்று கேட்டார். மீசைக்குச் சொந்தக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்! அப்பா பதில் சொல்ல வாயைத் திறப்பார். முதல் சொல் வெளியே வருவதற்குள் கேட்டவர் தலையை வேறு பக்கம் திருப்பியிருப்பார். நாங்களும் உத்தமிகள் இல்லை. அவர் சொல்ல வந்ததை நாங்களே சொல்லி முடித்துவிடுவோம், அடுப்பில் பால் இருக்கும், வாசலில் ஆள் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா ஆஸ்பத்திரி வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பழங்காநத்தத்தில் ஒரு சின்ன இடம் பிடித்தாள். அங்கேயும் சிகிச்சை, நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போயும் சிகிச்சை. பெயர்ப் பலகைக்கும் நோட்டீஸுக்கும் போனில் அனுப்பவும் ஒரு படம் வேண்டும் என்றாள். "வீட்லயே டிசைனர் இருக்கா, வெளிய எதுக்குத் தேடணும்?" என்று என் தலையில் கட்டினாள். நாங்கள் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டபடி கட்டிலில் இருந்த அப்பா மெதுவாகச் சொன்னார்.

"எம் படத்தப் போடு."

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"நாந்தான்... இருக்கேன்ல."

அக்காவின் வைத்தியத்துக்கு அவரைவிட நல்ல சாட்சி யார்? அவர் கேட்டது அதற்காக மட்டும் இல்லை என்பதும் எனக்குப் புரிந்தது. ஊர் கடந்து போகிற தெருவில் தன் முகம் இருக்க வேண்டும், நான் இன்னும் முடிந்துபோகவில்லை என்று அது சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அந்த மனிதருடைய ஆசை. அதை நிறைவேற்றிக் கொடுக்க வேண்டியவள் நான்.

என் திறமையை எல்லாம் கொட்டி வரைந்தேன். ஓய்வு பெற்ற நாளில் எடுத்த படத்திலிருந்து அப்பாவின் முகத்தை மட்டும் வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி நடுவில் வைத்தேன். சுற்றிலும் ஆழ்ந்த கருநிறம். எங்கள் தொழிலில் இப்படி வெறுமையாக விடுவதற்குத் தனி மரியாதை உண்டு. படத்துக்குக் கீழே இடப்பக்கம் "விழுந்த நாள்", அதற்கடியில் தேதி. வலப்பக்கம் "நடந்த நாள்", அதற்கடியில் தேதி. இந்த இரண்டு தேதி யோசனை வந்தபோது எனக்கே புல்லரித்தது. அடியில் மெல்லிய எழுத்தில் "மறுபடியும் நடக்கலாம்" என்றும் அக்காவின் போன் எண்ணும்.

கம்பெனி நண்பர்களுக்கு அனுப்பினேன். தமிழே தெரியாத வடக்கத்திக்காரர்கள் அவர்கள். ஒரே இதயமும் கைதட்டலுமாகக் கொட்டினார்கள். அக்கா அந்த இரண்டாவது தேதியைப் பார்த்துக் கண் கலங்கினாள். அப்பா போனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் "நல்லாருக்கு" என்றார். அவரும் மதுரைக்காரர்தானே.

பலகை எழுதுகிறவரிடம் கொடுப்பதற்கு முன் தெருவில் நாலு பேரிடம் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். தொழில் பழக்கம் என்று சொல்லிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் பாராட்டு வேண்டியிருந்தது என்பதுதான் நிஜம்.

மறுநாள் காலையில் பழங்காநத்தத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். காலேஜ் பிள்ளைகள், ஆதார் அட்டையோடு நின்றவர்கள், எல்லாரும் முண்டிக்கொண்டிருந்தார்கள். நான் போனிலிருந்து படத்தை அனுப்பினேன். கடைக்காரர் அதைத் திறந்து பார்த்தார். அவர் குரல் அப்படியே இறங்கிவிட்டது.

"கொஞ்சம் வழி விடுங்கப்பா. தங்கச்சிக்கு மொதல்ல போட்டுக் குடுத்துருவோம்."

கூட்டம் திரும்பித் திரையைப் பார்த்தது. சத்தமில்லாமல் விலகியது. ஒருவர் எழுந்து தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். ஊர் எவ்வளவு திருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நல்ல வடிவமைப்புக்கு இப்படி ஒரு சக்தி உண்டு என்றும் நினைத்துக்கொண்டேன், என் கொழுப்பை என்ன சொல்ல.

"இந்த சைஸ் போதுமாம்மா? செவத்துல ஒட்டணும்னா பெருசாப் போட்டுக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"இப்ப இது போதும்ணே. மொதல்ல கொஞ்சப் பேருக்குக் காட்டணும்."

"ஆமாம்மா" என்று தலையசைத்தார். "எல்லாருக்கும் சொல்லணும்ல."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. லேமினேஷன் சூடு ஆறாத தாளை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். பூக்கட்டி விற்கும் அக்கா ஒருத்தர் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க. ஒடனே மறைச்சிருவேன்."

காட்டினேன். மனதுக்குள் ஐந்து எண்ணினேன். மறைத்தேன். "என்ன பாத்தீங்க?"

அவர் கையில் இருந்த நாரைக் கீழே போட்டார். "அய்யோ... யாரு தாயி, அப்பாவா? எப்ப எடுக்குறாக?"

சவம் எடுக்கும் நேரத்தைக் கேட்கிறார் என்பது எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "இல்லக்கா, உசுரோட இருக்காரு" என்றேன். அந்த அம்மா பதறிப்போய்த் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வாய் தவறிருச்சு தாயி. அவருக்கு ஆயுசு கூடும், போ" என்று ஒரு முழம் மல்லிகையை என் கையில் திணித்தார். வேண்டாம் என்றாலும் விடவில்லை.

சரி, ஒருத்தர் அப்படிப் பார்த்துவிட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஷேர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஐந்து நொடியும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். டீக்கடையில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் ஒருவர்தான் படத்தைப் பாராட்டியவர். "நல்லாருக்கும்மா" என்றார். "எங்க அப்பாவுக்கும் இதே மாதிரிதான் அடிச்சோம்."

நான் பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் போஸ்டர்கள். ஒன்றல்ல, வரிசையாக. எல்லாம் கண்ணீர் அஞ்சலி. நடுவில் ஒரு முகம், நேராகப் பார்க்கிற முகம். இடப்பக்கம் தோற்றம், அதற்கடியில் தேதி. வலப்பக்கம் மறைவு, அதற்கடியில் தேதி. என் கையில் இருந்ததைக் கொண்டுபோய் அந்த வரிசையில் ஒட்டினால் கூடப்பிறந்தது போல இருந்திருக்கும். பிறந்ததிலிருந்து இந்தச் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். தினமும் பார்த்துப் பார்த்தே அவை என் கண்ணிலிருந்து நழுவிப்போயிருந்தன. என் அப்பா எழுந்து நடந்த தேதியை, எங்கள் வீட்டின் மிகப் பெரிய சந்தோஷத்தை, இந்த ஊர் மறைவுத் தேதி போடும் இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அடக்க முடியாமல் அழுகை. பக்கத்தில் இருந்தவர்கள் அதையும் இழவு அழுகை என்றே நினைத்திருப்பார்கள். ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அவர்கள் யாருக்கும் நான் அன்று சரியாக நன்றி சொல்லவில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தால் எல்லாருமே நல்லாருக்கு என்றிருப்பார்கள், அந்தப் படம் பலகை ஏறியிருக்கும். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதால், பார்த்ததை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார்கள், கூடவே வழியும் ஸ்டூலும் பூவும் தண்ணீரும் கொடுத்தார்கள். தெரியாத ஒருத்தியின் துக்கத்துக்கு இத்தனை பேர் விலகி நிற்கிற ஊரில் நான் இருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தூக்கிரு. இங்க வைத்தியம் பாத்தா இந்த மாதிரி ஆயிருவோம்னுல நெனைப்பாங்க? நெட்ல ஏதாச்சும் படம் எடுத்துப் போடு. வெள்ளக்காரன் ஒருத்தன் முட்டியப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பானே, எல்லாரும் அதத்தான போடுறாங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். அவளுடைய வாசலில் ஒரு சாவு முகம் இருக்க முடியாது. ஆனால் அப்பாவிடம் யார் சொல்வது? அம்மா, "நான் மாட்டேன் சாமி" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான்தான் சொன்னேன். பூக்கார அக்கா கேட்டதையும் டீக்கடைப் பெரியவர் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கோபப்படுவார், அல்லது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவங்க... மட்டுமா?" என்றார் கடைசியில். "வீட்டுக்கு வர்றவன்... எல்லாம்... அப்படித்தான பாக்குறான்."

நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"எடுக்காத. மாத்து."

மாற்றினேன். கறுப்பைத் தூக்கி எறிந்தேன், தேதிகளையும் எடுத்தேன். ஓய்வு பெற்ற நாள் படத்தையே முழுசாக, வண்ணத்தில் போட்டேன். வெள்ளைச் சட்டையில், எல்லாருக்கும் நன்றி சொல்லிக் கைகூப்பிச் சிரிக்கிற அப்பா. இந்த முறை செல்லூருக்குப் போனேன். அங்கே தறியில் நின்று நின்று தோளும் இடுப்பும் போனவர்கள் அக்காவிடம் வரக்கூடியவர்கள். விசைத்தறிச் சத்தத்தில் பேச்சே எடுபடவில்லை. சைகையில் காட்டி, தாளை நீட்டி, மறைத்து, ஒவ்வொருவரையும் சந்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்து கேட்டேன்.

"எந்த வார்டு?" என்றார் முதல் ஆள்.

"இந்தத் தடவ இவரு நிக்கிறாரா? எந்தக் கட்சி?" என்றார் அடுத்தவர். மூன்றாவதாகப் பார்த்த அம்மா எதையும் கேட்கவில்லை. நேராகச் சண்டைக்கே வந்துவிட்டார். "ஓட்டுக் கேக்க மட்டும் கையெடுத்துக் கும்புடுறீக. மொதல்ல எங்க தெருச் சாக்கடைய அள்ளச் சொல்லுங்க."

இதை வீட்டில் சொன்னதும் அப்பா சிரித்தார். விழுந்த பிறகு அவர் தோள் குலுங்கச் சிரித்தது அன்றுதான். "பரவால்ல... உசுரு... வந்துருச்சு" என்றார். அம்மா அவரை "வாங்க கவுன்சிலரே" என்று சாப்பிடக் கூப்பிட்டாள்.

சிரித்து முடித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. நிறத்தை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை, தகராறு அந்தப் படத்தில்தான். எங்கள் ஊர்ச் சுவரில், நேரே பார்க்கிற வயதான முகம் என்றால் ஒன்று போய்ச் சேர்ந்தவர், இல்லையென்றால் ஓட்டுக் கேட்பவர். அப்பா இப்போது எப்படி இருக்கிறாரோ அப்படி ஒரு படம் வேண்டும். அதுதான் இல்லை. விழுந்த நாளிலிருந்து அவர் யாரையும் படம் எடுக்க விட்டதில்லை. நான் போனைத் தூக்கினாலே நல்ல கையால் வாயை மூடிக்கொள்வார். கண்ணாடியில் முகம் பார்ப்பதைக்கூட விட்டிருந்தார், அம்மாதான் சவரம் செய்துவிடுவாள்.

தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அதோடு விட்டுவிட்டேன். இரண்டொரு நாள் கழித்து ஒரு காலையில் தன் பழைய டிராக் பேன்ட்டை அம்மாவிடம் எடுக்கச் சொல்லிப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "எடு" என்றார்.

எடுத்த படங்களில் எல்லாம் தாடையை ஒரு பக்கமாக ஒளித்துக்கொண்டு, மாட்டிக்கொண்ட திருடன் மாதிரி நின்றார். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "படம் எடுத்தது போதும், நடங்க" என்று படியில் இறக்கினாள். கடைசிப் படியில் சொல்லாமல் கையை எடுத்துவிட்டாள். அப்பா ஒரு கணம் தனியாக நின்றார். அடுத்த அடி வைத்து, அவள் தோளை எட்டிப் பிடித்து, வாசல் அதிரத் திட்டினார். அந்தக் கணத்தில் நான் எடுத்தேன்.

அந்தப் படத்தில் கோணிய வாய் அப்படியே இருந்தது. திட்டியதில் இன்னும் அதிகமாகக் கோணியிருந்தது. ஆனால் அதில் இருந்தது என் அப்பா. அவரிடம் காட்ட எனக்குப் பயமாக இருந்தது.

ரொம்ப நேரம் பார்த்தார். "வாய்... கோணிக்கிட்டு இருக்கு."

"ஆமாப்பா" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"போய்க் கேளு" என்றார். நான் அச்சடித்த தாளோடு கிளம்பும்போது, "நானும் வாரேன்."

எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, எங்களைத் தெரியாத பக்கமாக ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். ஒரு வேப்பமர நிழல். அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் இறங்கிப் போய், இஸ்திரி வண்டிக்காரரிடம் படத்தைக் காட்டி மறைத்தேன்.

"ஒரு பெரியவரு நடந்து பழகுறாரு" என்றார் அவர். "கூட இருக்கறது மக போல. போட்டுக் கிழிக்கிறாரு அந்தப் பிள்ளைய."

"வேற?"

"வேற என்னம்மா. கோவக்காரரு."

ஆட்டோவுக்குத் திரும்பினேன். அப்பா ஒரே ஒரு சொல்தான் கேட்டார். "வாய்?"

"யாரும் சொல்லலப்பா."

"பொய்."

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த ஒரு பெண்ணிடம் காட்டினேன். "தாத்தா நடக்குறாரு, நல்லா வையிறாரு" என்றாள். வாயைப் பற்றி அவளும் சொல்லவில்லை. வந்து சொன்னேன். அப்பா நம்பவில்லை. ஓட்டுநரிடம் வண்டியை இன்னும் கிட்டே, கடை ஓரமாக நிறுத்தச் சொன்னார். தன் காதால் கேட்க வேண்டுமாம்.

அங்கே பெட்டிக்கடையில் ஒருவர் பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அம்பது வயதுக்கு மேல் இருக்கும், சட்டையை உள்ளும் வெளியும் மாற்றிப் போட்டிருந்தார். அவரிடம் காட்டி மறைத்தேன்.

"அவரு நடக்குறாரு" என்றார். அவ்வளவுதான். நான் காத்திருந்தேன். அவர் என் கையில் இருந்த தாளின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ காட்டும்மா."

இரண்டாம் முறை காட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் சட்டம். காட்டினேன். அவர் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். தன் மனைவிக்கும் இதேதான், பொங்கலுக்கு அப்புறம் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை என்றார். "இது நெசமாவே நடக்குற ஆளா? இல்ல, படத்துக்காக யாரையாச்சும் நிப்பாட்டி எடுத்ததா?"

நான் ஆட்டோவைக் காட்டினேன்.

அவர் நடந்து போய், ஆட்டோக் கம்பியைப் பிடித்துக் குனிந்தார். நானும் பின்னாலேயே போனேன். வழக்கமாக நடப்பது என்னவென்று எனக்குத் தெரியும். குனிவார்கள், அப்பாவை ஒரு பார்வை பார்ப்பார்கள், நிமிர்ந்து என்னிடம் கேட்பார்கள். அவர் நிமிரவில்லை.

"அய்யா" என்றார். "ஒங்களுக்கு மொதல்ல எது வந்துச்சு? தொடையா, பாதமா?"

அப்பா வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. எனக்குப் பதில் தெரியும், நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். தெருவில் ஒரு லாரி போனது. அந்த மனிதர் கம்பியை விடாமல் அப்பாவின் கோணிய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார், அதிலிருந்து வரப்போவது அவ்வளவு முக்கியம் என்பது போல. ஒரு மனிதர் என் அப்பாவை அப்படிப் பார்த்து அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. அந்த மனிதரை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

"பெரு... வெரலு" என்றார் அப்பா. "எடது கால்... பெருவெரலு. மொதல்ல... அதான்... அசஞ்சுச்சு."

"பெருவெரலா?" அவர் குரல் உடைந்தது. "அவளுக்கு நேத்து அசஞ்ச மாதிரி இருந்துச்சுய்யா. போர்வ நகந்திருக்கும்னு விட்டுட்டேன்."

"அசஞ்சிருக்கும்" என்றார் அப்பா.

அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாங்கிய பிஸ்கட்டைக் கடையிலேயே விட்டிருந்தார், கடைக்காரர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா நல்ல கையை இருக்கையில் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் நகர்ந்து இடம் விட்டார்.

"ஏறுங்க" என்றார். "போய்ப் பாப்போம்."